ஒபாசானின் கையில் பட்ட சூடு

இன்று காலை கடையைத் திறந்ததும் மாசிக் கருவாட்டுப் பெட்டி ஒன்றை உடைத்தேன். நேற்றுத்தான் கொழும்பிலிருந்து வந்த சரக்கு. பொலித்தீனைக் கத்தரித்ததும் புகையும் உப்பும் கடலும் கலந்த அந்த மணம் எழுந்து முகத்தில் அடித்தது. கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டேன். நீ முதன்முதல் என் கடைக்கு வந்த அன்று அப்படித்தான் நின்றாய்.

வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்கியிருந்தாய். தோளில் பெரிய பை. தமிழ்ப் பிள்ளை என்று முகம் சொன்னது, ஆனால் எந்த ஊர் என்று பிடிபடவில்லை. "அக்கா, காஞ்ச மீன மரத்தூள் மாதிரி சீவி வச்சிருப்பாங்களே, அது இருக்கா?" என்று கேட்டாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காய்ந்த மீன் என்றதால் மாசியை எடுத்துத் தந்தேன். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினாய். திறக்க நேரமெடுத்தது.

"இது ஜப்பான் லா, அக்கா!"

"இல்லைப் பிள்ளை, இது மாலைதீவு."

நீ சிரித்த சிரிப்பில் பின்னால் சாக்கு அடுக்கிக்கொண்டிருந்த என் கணவர் எட்டிப் பார்த்தார். மலேசியாவில் ஈப்போவில் பிறந்து, அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று ஒசாக்காவில் பொறியியல் படித்து, சிட்னியில் வேலை கிடைத்து லிட்கமில் ஒரு சிறு வீட்டில் தனியே இருக்கிறாய் என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதன்பிறகு சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினாய். உள்ளே நுழையும்போதே "பசியாறியாச்சாக்கா?" என்பாய். எங்கள் ஊரில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே சனிக்கிழமையைப் பார்த்திருப்பேன். முதலில் உன்னை 'நீங்கள்' என்றேன், சில மாதங்களில் 'நீர்' என்றேன், ஒருநாள் என்னையறியாமல் 'நீ' வந்துவிட்டது. அன்றைக்கு நீ எழுந்து குசினிக்குள் போய் நீயாகவே தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாய்.

அந்தக் காலத்துப் பென்டில் ஹில் தெரு உனக்கு நினைவிருக்கும். கொஞ்சத் தூரத்தில் பெரிய கடைத்தொகுதி ஒன்று திறந்த பிறகு எங்கள் தெரு மெலிந்துகொண்டே போனது. முதலில் வங்கிக் கிளையை மூடினார்கள். பிறகு இறைச்சிக்கடைக்காரர் போனார். துணிக்கடைக் கண்ணாடியில் ஒட்டிய பழைய பத்திரிகைத் தாள் வெயிலில் மஞ்சளாகிக்கொண்டே இருந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் ரயிலிலிருந்து இறங்குபவர்கள் யாரையும் பார்க்காமல் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடுவார்கள். என் கணவர் அடிக்கடி, "இன்னும் ஒரு வருசம் பாப்பம். சரிவராட்டிப் பூட்டுவம்," என்பார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

அவரைப் பற்றி உனக்கு நான் குறையாகச் சொன்னதே அதிகம். இன்றைக்கு ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் அவர் வங்கியில் அதிகாரி. எண்பத்தைந்தில் இங்கே வந்து தொழிற்சாலையில் பெட்டி கட்டினார். சேர்த்ததையெல்லாம் போட்டுத்தான் கடையைத் தொடங்கினோம். கடையில் அவர் சாக்குத் தூக்குகிற மனிதர். இங்கே எங்கள் ஆட்கள் நடத்திய தமிழ்ச் சங்கத்தில் மட்டும் அவர் செயலாளர். அங்கேதான் அவரை இன்னும் நாலு பேர் மரியாதையாக 'சேர்' என்று கூப்பிட்டார்கள். அந்தச் சங்கமும் ஏதோ ஒரு கலைவிழாவில் யார் முதலில் பேசுவது என்பதில் உடைந்து இரண்டாகியிருந்தது. உடைந்த பாதியின் தலைவரும் எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வருவார். இருவரும் பேசமாட்டார்கள். நான்தான் மிச்சச் சில்லறை கொடுப்பேன்.

ஒரு சனிக்கிழமை மழை. கடையில் ஒருவரும் இல்லை. நீ அரிசி மூட்டைமேல் கால் மடித்து உட்கார்ந்து ஒசாக்காவில் நீ குடியிருந்த தெருவைப் பற்றிச் சொன்னாய். கீழே சோயாத் தயிர்க்கட்டி விற்கும் கடை, மேலே உன் அறை. கடைக்காரியை ஒபாசான் என்று கூப்பிட்டாய். நாங்கள் மாமி, அன்ரி என்பது போலத்தான், என்றாய். கணவரை இழந்தவர். விடியும் முன்பே எழுந்து சோயா அரைப்பார். அந்தத் தெருவிலும் கடைகள் ஒவ்வொன்றாக இரும்புக் கதவை இறக்கிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் வேறு நகரம் போய்விட்டார்கள். ஒரு கோடையில் தெருக்காரர்கள் கூடிப் பேசி, அவரவர் வாசலில் அவரவர் வீட்டுச் சாப்பாட்டைச் சமைப்பது என்று முடிவுசெய்தார்களாம். கொரியாக்காரப் பெண்கள் அடை சுட்டார்களாம். மூடிக்கிடந்த கடைகளின் கதவுகளையும் அந்த ஒரு நாளுக்குத் திறந்து உள்ளே விளக்குப் போட்டார்களாம்.

"என்னையும் விடல அக்கா. நீயும் இந்தத் தெருதானே, உன் வீட்டுச் சாப்பாடு எங்கன்னு கேட்டாங்க. எனக்குச் சமைக்கவே தெரியாது. அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுத் தோசை ஊத்துனேன். கருகிப் போச்சு. அதையும் வரிசையில நின்னு வாங்கித் தின்னாங்க லா."

"பிறகு தெரு திருந்தினதோ?"

"உடனே இல்லக்கா. ஒரு வருசம் ஒரு கதவு தொறந்துச்சு. அடுத்த வருசம் இன்னொண்ணு. நான் கிளம்புறப்ப மூடுன கடை கொஞ்சம்தான் இருந்துச்சு."

பிறகு நீ வெளியே பார்த்தாய். துணிக்கடைக் கண்ணாடியில் மழைநீர் வழிந்துகொண்டிருந்தது. "நம்ம தெருவுலயும் செய்யலாமே," என்றாய். லிட்கமில் இருந்துகொண்டு இதை நம்ம தெரு என்கிறாளே என்று நினைத்தேன்.

தொண்ணூற்றெட்டு என்று நினைக்கிறேன். ஒலிம்பிக்குக்காக நகரம் முழுக்கத் தோண்டிக்கொண்டிருந்த காலம். நகரசபை அனுமதி, தெருவை மறிப்பதற்கான கடிதங்கள், காப்புறுதி எல்லாவற்றையும் மதிய உணவு நேரத்தில் தொலைபேசியில் நின்று நீதான் செய்தாய். வீடு வீடாக, கடை கடையாக நாங்கள் இருவரும் போனோம். எதிர்ப்பக்கத்து லெபனான் ரொட்டிக்கடை ஜோர்ஜ் முதலில் கையை விரித்தார், பிறகு தன் அடுப்பையே தெருவுக்குக் கொண்டுவருகிறேன் என்றார். வீடியோக் கடைப் பிலிப்பினோக் குடும்பம், மீன் பொரித்து விற்கும் வெள்ளைக்காரக் கிழவர், எல்லோரும் சேர்ந்தார்கள். துணிக்கடைச் சொந்தக்காரரிடம் அந்த ஒரு நாளுக்குச் சாவி வாங்கி, கண்ணாடியிலிருந்த பத்திரிகைத் தாளை நீயும் நானும் வெந்நீர் ஊற்றிச் சுரண்டினோம்.

அதோடு நிற்காமல் ஒபாசானையும் அழைத்தாய். எழுபது வயதில் முதல்முறையாக விமானம் ஏறி வந்தார். என் தோள் உயரம்கூட இல்லை. கடைக்குள் வந்து எங்கள் மாசியை முகர்ந்து பார்த்து உன்னைப் போலவே கண்ணை மூடினார். அதைப் பார்த்து நாங்கள் மூவரும் சிரித்தோம். பாஷை தேவைப்படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை எப்படி எழுதுவேன்? காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அவரவர் வாசலில் அவரவர் மேசை. நான் இடியப்பமும் சொதியும், பக்கத்தில் ஒபாசான் தன் ஊர் ரொட்டியும். நீ முட்டைக்கோஸ் என்பாயே, அந்தக் கோவாவை அரிந்து மாவில் கலந்து, எரிவாயு அடுப்பின்மேல் வைத்த இரும்புத் தட்டில் ஊற்றினார். சுட்டெடுத்ததன்மேல் மாசிச் சீவலைத் தூவ, அது சூட்டில் உயிருள்ளது போல நெளிந்தது. பிள்ளைகள் கூடி நின்று கத்தினார்கள். ரயிலில் இறங்கியவர்கள் கார்களுக்கு ஓடாமல் நின்றார்கள். நீ என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாய்.

பிறகு என் கணவர் வந்தார். பின்னால் சங்கத்தார் நாலைந்து பேர், கோட்டும் சூட்டும். கையில் சுருட்டிய பெரிய பதாகை. எங்கள் கடைக்கும் ஜோர்ஜின் கடைக்கும் குறுக்கே தெருவுக்கு மேலாக அதைக் கட்டினார்கள். சங்கத்தின் பெயர் ஆளுயர எழுத்தில். 'பெருமையுடன் வழங்கும்' என்று கீழே. எனக்கு அப்போதுதான் தெரியும். ஜோர்ஜ் என்னிடம், "இது என்ன?" என்று கேட்டார்.

குத்துவிளக்கும் வந்தது. எங்கள் சங்கத் தலைவர் விளக்கேற்றித்தான் விழா தொடங்கவேண்டும் என்றார்கள். விழா தொடங்கி ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்து மற்றச் சங்கத்தார் தங்கள் பதாகையோடு வந்து சேர்ந்தார்கள்.

"ஆரின்ர தெரு இது? ஆரைக் கேட்டு உங்கட பேரைக் கட்டினனீங்கள்?" என்றார் அந்தத் தலைவர்.

"நாங்கள் செய்யிற விழா. நீங்கள் விருப்பமெண்டா நிண்டு சாப்பிட்டுட்டுப் போங்கோ," என்றார் என் கணவர்.

"நீங்கள் செய்யிறதோ? அந்த மலேசியாப் பிள்ளை ஓடி ஓடிச் செய்தது. உங்களுக்கு வெக்கமில்லையோ?"

அவர் சொன்னது உண்மை. அதைச் சொல்லிக்கொண்டே பதாகையின் கயிற்றை அவிழ்க்கப் போனதுதான் பிழை. ஒரு முனை அவிழ்ந்து பதாகை விழுந்து, வரிசையில் நின்றவர்களின் தலைமேல் மூடியது. என் கணவர் பாய்ந்து இரண்டு கையாலும் அவரைத் தள்ளினார். அவர் பின்னால் சரிந்து ஒபாசானின் மேசைமேல் விழுந்தார். மேசை கவிழ்ந்தது. சரிந்த இரும்புத் தட்டு பிள்ளைகள் நின்ற பக்கம் விழப்போனது. ஒபாசான் அதை வெறுங்கையால் பிடித்தார்.

அவர் கத்தவில்லை. தட்டை நிலத்தில் மெதுவாக வைத்துவிட்டுத்தான் கையைப் பார்த்தார்.

அவரைக் கடைக்குள் இழுத்துப்போய்க் குழாயைத் திறந்து அந்தக் கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளங்கை வெளுத்து, பிறகு சிவந்து, கண்முன்னே கொப்பளமாக எழுந்தது. நீ ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தாய். வெளியே சண்டை நின்றபாடில்லை. எங்கள் தமிழ், எங்கள் ஊர்த் தமிழ், என் பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாடிய தமிழ், அந்தத் தெருவில் நாறிக்கொண்டிருந்தது. அதில் உரத்த குரல் என் கணவருடையது. ஒபாசான் உன்னிடம் ஏதோ கேட்டார். நீ குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாய். அவர் மறுபடியும் கேட்டார்.

"என்னவாம்?" என்றேன்.

"எதுக்கு சண்டைன்னு கேக்குறாங்க அக்கா."

"சொல்லாதை. தயவுசெய்து சொல்லாதை."

ஆனால் விருந்தாளி கேட்கும்போது நீ எப்படிப் பொய் சொல்வாய்? தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய். யாருடைய பெயர் மேலே வரவேண்டும் என்று சண்டை. அதை நீ ஜப்பானிய மொழியில் சொன்னபோது எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது போல இருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. என் வாழ்க்கையில் பல இடங்களில் தலைகுனிந்திருக்கிறேன். அகதியென்று வரிசையில் நின்றிருக்கிறேன், ஆங்கிலம் தடுமாறி ஏச்சுக் கேட்டிருக்கிறேன். அந்தக் குழாயடியில் நின்றது போல ஒருநாளும் நின்றதில்லை.

பொலிஸ் வந்தது. மதியத்துக்குள் நகரசபையார் விழாவை நிறுத்திவிட்டார்கள். ஜோர்ஜ் தன் அடுப்பை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். நீ சுரண்டிச் சுத்தம் செய்த துணிக்கடைக் கதவைப் பின்னேரம் நீயே பூட்டினாய்.

மறுநாள் காலை இடியப்பமும் பருப்பும் கட்டிக்கொண்டு தனியே ரயிலேறி லிட்கமுக்கு வந்தேன். "வாங்கோ, ஒருக்கா வந்து மன்னிப்புக் கேளுங்கோ," என்று புறப்படுமுன் என் கணவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "நான் கிழவியையோ தள்ளினனான்?" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். உன் வீட்டு மணியை அடிக்கக் கை எழவில்லை. காலடிச் சத்தம் கேட்டு நீதான் திறந்தாய். "என்னாக்கா, மீட்டர் பாக்க வந்தவங்க மாதிரி வெளிய நிக்கிற? உள்ள வா," என்றாய்.

ஒபாசான் கையில் கட்டோடு கதிரையில் இருந்தார். நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். என்ன மொழியில் மன்னிப்புக் கேட்பது? தமிழில்தான் கேட்டேன். அவர் மற்றக் கையால் என் தலையைத் தட்டிவிட்டு ஏதோ நீளமாகச் சொல்லத் தொடங்கினார். சொல்லும்போதே சிரித்தார். நீயும் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாய்.

"அவங்க தெருவுல முதல் வருசம் அரிசிக்கடைக்காரரும் முடிவெட்டுறவரும் மூலையில யார் விளக்கு தொங்கணும்னு அடிச்சுக்கிட்டாங்களாம். அப்புறம் அரிசிக்கடைக்காரர் அங்க போயி முடி வெட்டிக்கவே இல்லயாம். வேற கடைக்குப் போகவும் மானம் விடல. தோள் வரைக்கும் வளந்துடுச்சாம் அக்கா! தெருவுல எல்லாரும் அவரப் பின்னால இருந்து பாத்துப் பொம்பளன்னு நெனச்சாங்களாம்."

நானும் சிரித்தேன். சிரிப்பிலேயே அழுகை வந்துவிட்டது. நீங்கள் இருவரும் அழ விட்டீர்கள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் என் கணவருக்குக் கைதட்டினார்களாம். மானத்தைக் காப்பாற்றினார் என்று ஒருவர் பேசினாராம். அன்று வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. சில மாதங்களில் செயலாளர் பதவியை விட்டுவிட்டார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை, எனக்கும்தான். நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன், கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினேன். கடைக்கு வருகிற சிலர் சாமான் வாங்க வரவில்லை, என்னைப் பார்க்க வந்தார்கள். "இவதான் அவரின்ர மனிசி" என்று பலசரக்கு அடுக்குக்குப் பின்னால் சொல்வது கேட்கும். மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "டட் ஏன் அப்படிச் செய்தார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். அவர் அடுத்த அறையில் இருந்தார். தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார்.

நீ மட்டும் சனிக்கிழமை தவறாமல் வந்தாய். "பசியாறியாச்சாக்கா?" என்றாய். அந்த விஷயத்தை எடுக்கவே இல்லை. அடுத்த கோடை நெருங்கியபோது ஒருநாள் அனுமதிக் கடிதங்களை மேசையில் பரப்பினாய்.

"எனக்கு ஏலாது," என்றேன். "அந்தத் தெருவில இனி என்ர முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"கழுத்துக்கு மேலதானே இருக்கு? அங்கயே இருக்கட்டும் லா," என்றாய். பிறகு குரல் மாறியது. "நீ உள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டா இந்தத் தெருவுக்கு அந்தச் சண்டை மட்டும்தான் மிஞ்சும் அக்கா."

அந்த இரண்டாவது விழாவில் பதாகை இல்லை. ஒலிவாங்கி இல்லை, குத்துவிளக்கு இல்லை, பிரதம விருந்தினர் இல்லை. அவரவர் வாசல், அவரவர் சாப்பாடு. ஜோர்ஜைச் சம்மதிக்க வைக்க நீ எத்தனை தரம் அவர் கடையில் போய் நின்றாய் என்று எனக்குத் தெரியும். என் கணவர் நாள் முழுவதும் கடையின் பின்னறையில் இருந்தார். நான் வாசலில் தனியே நின்று தோசை ஊற்றினேன். ஒவ்வொரு முகமும் என்னைத் தெரிந்துகொள்வது போல இருந்தது. சிலர் தெரிந்துகொண்டதும் உண்மை. மத்தியானம் போல மற்றச் சங்கத் தலைவரின் மனைவி வந்து மேசைக்கு முன்னால் நின்றா. "ரெண்டு தாங்கோ," என்றா. வாங்கி, அங்கேயே நின்று தின்றா. "சம்பல் கொஞ்சம் உறைப்புக் காணாது," என்றுவிட்டுப் போனா. இப்போது அவதான் விழாவில் முறுக்கு விற்கிறா.

மூன்றாம் வருடம் விடியற்காலையில் நான் எழுந்தபோது இவர் ஏற்கனவே தெருவுக்குப் போயிருந்தார். எரிவாயு உருளைகளை ஒவ்வொரு வாசலுக்கும் உருட்டிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. உன்னைக் கண்டதும் நிலத்தைப் பார்த்தார். நீ, "அண்ணே, அந்த சிலிண்டர கொஞ்சம் தள்ளுங்க," என்றாய். 'தள்ளுங்க' என்ற சொல் விழுந்ததும் நான் விறைத்துப்போனேன். அவரும் விறைத்தார். உனக்கும் அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு நீதான் முதலில் சிரித்தாய். அவர் சிரிக்கவில்லை. ஆனால் தள்ளினார்.

துணிக்கடைக் கதவு திறந்தது. அங்கே ஒரு தமிழ்நாட்டுக் குடும்பம் சாப்பாட்டுக்கடை போட்டது. இறைச்சிக்கடை மறுபடி வந்தது. ரயிலில் இறங்குகிறவர்கள் இப்போது ஓடுவதில்லை. எங்கள் கடையை நாங்கள் பூட்டவில்லை. இதெல்லாம் நீ கண்ணால் கண்டவை. ஒபாசான் இரண்டாவது முறை வரவில்லை. அவர் இறந்த செய்தி வந்த அன்று நீ கடைக்கு வந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாய். நாலு வருடத்தில் உனக்கே மார்பில் நோய் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டும் அந்த வருடம் தெருவை மறிக்க அனுமதி வந்ததா என்று கேட்டாய். நீ போய் இரண்டு வருடமாகிறது.

நீ அறியாத ஒன்றை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இந்த வருட விழாவுக்கு ஒபாசானின் மகள் வந்தார். உன்னைத் தகனம் செய்த இடத்தைப் பார்க்க வந்தவர், நீ நடத்திய தெருவையும் பார்க்கவேண்டும் என்று கேட்டு வந்தார். ஆங்கிலம் நிதானமாகப் பேசினார். முகம் அப்படியே ஒபாசான். கதிரை போட்டு இருத்தித் தோசை கொடுத்தேன். என் கணவர் பக்கத்தில் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

"அம்மா சாகும்வரை இந்தத் தெருவைப் பற்றிப் பேசினார்," என்றார் அந்த மகள். "ஆனால் ஒரு வருத்தம் அவருக்கு இருந்தது. கவனமில்லாமல் மேசையைத் தட்டித் தட்டைக் கவிழ்த்துக் கையைச் சுட்டுக்கொண்டாராம். தன்னால்தான் உங்கள் முதல் விழாவே நின்றுபோயிற்று, பெரிய வெட்கம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மாவுக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்."

கதிரையிலிருந்து எழுந்து, என் முன்னால், அந்த மனுசி குனிந்தார்.

நீ இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய். வெங்காயம் அரிகிற சத்தம் நின்றது. இவர் கத்தியை வைத்தார், கையைத் துடைத்தார், சுற்றி வந்து அவர் முன்னால் நின்றார். இவருடைய ஆங்கிலம் உனக்குத் தெரியும், வங்கிக் கடிதம் போல இருக்கும். அன்றைக்கு அதுவும் உடைந்துபோயிற்று.

"இல்லை. உங்கள் அம்மா ஒன்றும் செய்யவில்லை. நான் ஒருவரைத் தள்ளினேன். அவர் மேசையில் விழுந்தார். பிள்ளைகள்மேல் விழ இருந்த தட்டை உங்கள் அம்மா பிடித்தார். நான் தள்ளினது ஒரு பெயர்ப்பலகைக்காக."

தோசைக்கு நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். முறுக்கு மேசையில் இவர் அன்று தள்ளிய மனிதரே நின்றிருந்தார். அவரும் கேட்டார். என் மகன் கேட்டான். எனக்கு அந்தப் பழைய சூடு கழுத்திலிருந்து முகத்துக்கு ஏறியது. ஆனாலும் நான் உள்ளே போகவில்லை.

மகள் இவர் பக்கம் திரும்பினார். "அப்படியானால் அம்மா ஏன் அப்படிச் சொன்னார்?" என்றார். மறுபடி அவரே, "அந்த முதல் பயணத்தையே வேண்டாம் என்று நான்தான் தடுத்துப் பார்த்தேன். உண்மை தெரிந்தால் உங்களை நான் பிழையாக நினைத்துவிடுவேன் என்று பயந்திருப்பார்," என்றார். பிறகு, "ஊருக்குப் போய் அம்மாவின் படத்துக்கு முன்னால் இருந்து சொல்கிறேன்," என்றார். கோபமா, இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. தட்டிலிருந்த தோசையை மிச்சம் விடாமல் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

வீட்டுக்கு வரும்போது காரை இவர்தான் ஓட்டினார். சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, "உம்மட சிநேகிதியிட்ட நான் ஒருநாளும் மன்னிப்புக் கேக்கேல்லை," என்றார்.

"தெரியும்."

"அவ கடைசி மட்டும் என்னை அண்ணே எண்டுதான் கூப்பிட்டவ."

"ஓம்."

"நீர் எழுதுற ஆள்தானே. எனக்காக எழுதிவிடும்."

எழுதிவிட்டேன். அவர் சொல்லவேண்டியதை நான் சொன்னால் அது கணக்கில் வருமோ தெரியாது. நீ இருந்தால் தலையை ஒருபக்கம் சாய்த்து, "இதுக்கு இவ்வளவு வருசமா அண்ணே?" என்று கேட்டிருப்பாய்.

ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. மாறாக ஒபாசான் தன்னுடையதல்லாத வெட்கத்தை எங்களுக்காகச் சாகுமட்டும் தன்னுடையதென்று சொல்லி வைத்திருந்தாரே, அதைக் கேட்ட பிறகு என்னுடையது இன்னும் கூடியிருக்கிறது. குறையவேண்டும் என்று இப்போது நான் ஆசைப்படவும் இல்லை. நீ போன பிறகு என்னிடம் தங்கியிருப்பது இந்த வெட்கமும், அதோடேயே வாசலில் நிற்கலாம் என்று நீ காட்டித் தந்ததும்தான். காலையில் கடையைத் திறக்கிறேன். ஆர் உள்ளே வந்தாலும், எந்தச் சங்கமானாலும், என்னைப் பார்த்துவிட்டு மற்றவரிடம் குசுகுசுத்தாலும், முகத்தை நிமிர்த்தி, "வாங்கோ, பசியாறியாச்சோ?" என்று கேட்கிறேன்.